சீல் வைத்த எஞ்சின்

இப்போது எங்கள் பக்கம் வந்து பாருங்கள். சங்கராபுரம் தாண்டி மலையடிவாரம் நெடுக, ரோட்டோரம், ஓடையோரம், எங்கே திரும்பினாலும் வெல்லக் கொட்டாய். எஞ்சின் வைத்துக் கரும்பு ஆட்டுகிறார்கள். லைசென்ஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஒரு ஜீப்பும் வருவதில்லை. அந்தப் புகையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கொட்டாய்க்காரர்கள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது, அவர்கள் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கட்டும். இதே வேலையை நாங்கள் செய்தபோது அது குற்றம். இன்றைக்குத் தொழில். அப்போதும் இதே கரும்புதான், இதே கொப்பரைதான். எங்களை மட்டும் எதற்காக அப்படி மிதித்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு ஆளை நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கதைதான் இது.

அந்த ஆள் என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஊர் முழுக்க டைரக்டர் என்று கூப்பிடும். எங்கள் பகுதிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் விவசாயிகள் ஓட்டுப் போட்டு டைரக்டர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் இவர் ஒருவர். டைரக்டர் ஆன கையோடு வேல் பதித்த மோதிரம் ஒன்று செய்து போட்டுக்கொண்டார். பேசும்போது அந்த விரலைத்தான் நீட்டிப் பேசுவார். அவரிடம் டிராக்டர்கள் இருந்தன. ஊர்க் கரும்பை ஆலைக்கு ஏற்றிப் போவது அவருடைய வண்டிகள்தான்.

பாகம் பிரித்தபோது ரோட்டோரக் கிணற்று நிலம் அவருக்கு. ஓடைப் பக்கத்துச் சரிவும், மாடு பூட்டி ஆட்டுகிற ஒரு பழைய கரும்பாலையும் எங்களுக்கு. என் வீட்டுக்காரர் வாய் பேசாத மனுஷர். அண்ணன் எதைக் கொடுத்தாலும் சரி என்று தலையாட்டினார். அந்தப் பழைய ஆலையைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. மாடு சுற்றிச் சுற்றி வந்து ஒரு கொப்பரைக்குச் சாறு சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். என் அப்பா வீட்டில் கொடுத்த கறவை மாடுகளை விற்றேன். சேலத்துப் பக்கம் போய் ஒரு பழைய டீசல் எஞ்சினும் அதோடு ஓடுகிற பெரிய ஆலையும் வாங்கி வந்து போட்டோம்.

எஞ்சின் வந்த பிறகு எங்கள் கொட்டாய் கல்யாண வீடு மாதிரி ஆனது. கரும்பு வெட்ட ஆள், சுமக்க ஆள், ஆலைக்குள் கரும்பு கொடுக்க ஆள், சக்கையைக் காய வைக்க ஆள், அடுப்பெரிக்க ஆள், பாகு துழாவ ஆள், சூட்டோடு பாகைப் பிடித்து உருண்டை போட நாலைந்து பொம்பளைகள். ஊர் ஆளும் வந்தார்கள், காலனி ஆளும் வந்தார்கள். வேலை தெரிந்தால் போதும், சர்டிபிகேட் கேட்க மாட்டேன். கல்வராயன் மலை மேலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவார்கள். மேலே சாமை அறுத்த பிறகு அவர்களுக்கு அங்கே வேலை இருக்காது. அவன் அடுப்பெரிப்பான், அவள் உருண்டை போடுவாள். கொட்டாய்க்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டு சீசன் முடியும்வரை இருப்பார்கள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு இருக்கும். என்னை அக்கா என்பாள். அவள் பெரிய பெண்ணை அந்த வருஷம்தான் கீழே ஆஸ்டலில் சேர்த்திருந்தாள். எஞ்சின் ஓடுகிற தைரியத்தில்தான் சேர்த்தேன் என்று என்னிடமே சொன்னாள்.

ஊர்க்காரர்கள் எங்களிடம் ஏன் கரும்பு கொண்டுவந்தார்கள் என்றால், சர்க்கரை ஆலைக்குப் போட்டால் அதற்கு ஒரு வெட்டு உத்தரவு வர வேண்டும். உத்தரவு வரும்வரை கரும்பு வயலிலேயே பூத்துக்கொண்டு நிற்கும். பிறகு பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். எங்களிடம் இன்று வெட்டினால் நாளை மறுநாள் வெல்லம் திருக்கோவிலூர் மண்டியில் இருக்கும். இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. எங்கள் கொட்டாய் பக்கம் வண்டி திரும்பத் திரும்ப, டைரக்டரின் டிராக்டர்கள் வேலையில்லாமல் வேப்பமரத்தடியில் நின்றன.

சட்டம் என்ன சொல்லிற்று என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். சர்க்கரை ஆலைக்கென்று ஒதுக்கிய எல்லைக்குள் விளைகிற கரும்பு ஆலைக்குத்தான் போக வேண்டும். எல்லைக்குள் எஞ்சின் வைத்து ஆட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு ஆலையின் சம்மதம் வேண்டும். ஆலைக்குக் கரும்பு பத்தாவிட்டால் அங்கே இருக்கிற தொழிலாளிகள் பாடு திண்டாட்டம், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு என்றார்கள். சரி, அவர்களும் மனுஷர்கள்தான். ஆனால் அங்கே வேலை பார்க்கிறவனுக்குக் கார்டு இருந்தது, போனஸ் இருந்தது, சங்கம் இருந்தது. என் கொட்டாயில் வேலை பார்த்தவர்களை எண்ணிப் பார்க்க எந்த ஆபீசிலும் ஒரு கட்டம் போட்டு வைக்கவில்லை. கண்ணில் படாத வேலை போனால் யாருக்குத் தெரியப் போகிறது.

ஒரு மத்தியானம் ஜீப் வந்தது. கொப்பரையில் பாகு பதத்துக்கு வருகிற நேரம். கரும்பு ஆபீசர் ஒருவர் இறங்கினார். நல்ல மாதிரியான ஆள்தான், குரலை உயர்த்தவில்லை. புகார் வந்திருக்கிறது, எஞ்சினுக்குச் சீல் வைக்க வேண்டும் என்றார். யார் புகார் என்று நான் கேட்கத் தேவை இல்லாமல், பின்னாலேயே மாமா வெற்றிலையை மென்றுகொண்டு நடந்து வந்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். சக்கரத்தைச் சுற்றித் துணி கட்டினார்கள். முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்ற வேண்டும், ஆபீசரிடம் தீப்பெட்டி இல்லை. அடுப்பில் அவ்வளவு நெருப்பு எரிகிறது, அதை எடுக்க ஒருத்தரும் அசையவில்லை. மாமாதான் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சியைக் கிழித்து, காற்றுக்கு அணையாமல் கையைக் குவித்துப் பிடித்து, அரக்கு உருகும்வரை நின்றார். சொந்தத் தம்பி எதிரே நிற்கிறான். ஆபீசர் கவர்மெண்டு முத்திரையை அழுத்தினார்.

"மாடு பூட்டி ஆட்டிக்கம்மா. அதுக்குச் சட்டம் ஒண்ணும் சொல்லல" என்றார் ஆபீசர் போகும்போது. ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஜீப் போனதும் நான் தெருவுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினேன். நாசமாகப் போக, உன் வண்டி அச்சு முறிய, உன் நாக்கு அழுக என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அடுப்பில் இருந்த பாகு கவனிக்க ஆளில்லாமல் தீய்ந்துவிட்டது. அந்தத் தீய்ந்த நாற்றம் எனக்கு மூக்கை விட்டுப் போகவே இல்லை. மாமா வீட்டில் காதுகுத்து வந்தது. போனேன். பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் எல்லாம் வைத்த பிறகு ஒரு பருக்கையும் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். எத்தனை பேர் பார்க்க முடியுமோ அத்தனை பேரும் பார்க்கட்டும் என்றுதான் நடுப்பந்தியில் உட்கார்ந்திருந்தேன். என் ஆசையெல்லாம் ஒன்றுதான். இந்த ஆள் ஊர் நடுவில் தலைகுனிந்து நிற்க வேண்டும், அந்த முகத்தை நான் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். சாமி கும்பிடும்போதுகூட வேறு எதையும் நான் கேட்டதில்லை.

லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டோம். ஆலையின் சம்மதம் வேண்டும் என்று பதில் வந்தது. சம்மதம் கொடுக்கிற கூட்டத்தில் யார் உட்கார்ந்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய மாட்டாலையைத் தூசு தட்டிப் பூட்டினோம். ஆள் பாதிக்குப் பாதிகூட வேண்டியிருக்கவில்லை. மலையிலிருந்து வந்தவர்களை மட்டும் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இருந்தார்கள். இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஓடைக்கு அந்தப் பக்கம் ஆலை எல்லை இல்லை. அங்கே ஒருத்தன் எஞ்சின் போட்டு இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்தான். முழங்கால் தண்ணீர்தான் ஓடை. என்னிடம் இருந்த ஆட்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி அங்கே வேலைக்குப் போனார்கள். எல்லாருக்கும் அங்கே இடமில்லை. மண்டியில் அவன் வெல்லமும் என் வெல்லமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவன் எஞ்சினில் ஆட்டியது, விலை குறைத்துக் கொடுத்தாலும் அவனுக்குக் கட்டுப்படியாகும். மாட்டுக்குத் தீனி போட்டு ஆட்டுகிற எனக்கு எப்படிக் கட்டும். வியாபாரி என் மூட்டையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அவனுடையதை எடுப்பான். என் சரக்கில் குறை இல்லை என்று அந்த வியாபாரிக்கும் தெரியும்.

அந்த வருஷங்களில்தான் எங்கள் சாதி ஜனம் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் இறங்கியது. படிப்பில், கவர்மெண்டு வேலையில் தனிப் பங்கு வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம் போட்டார்கள். கேட்டது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊரில் முன்வரிசையில் போனவர்கள் யார் என்று பார்த்தால், முக்கால்வாசி என் ஆலையில் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். எஞ்சின் ஓடியவரை கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் போக நேரமில்லாமல் இருந்தார்கள். கவர்மெண்டு ஒரு கையால் வேலையைப் பிடுங்கியது, இவர்கள் அந்தக் கவர்மெண்டிடமே இன்னொரு கையை நீட்டு என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு அதற்காகச் சாலை மறியல் வந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். கள்ளக்குறிச்சி போகிற வழி அடைபட்டது. பஸ் இல்லை, லாரி இல்லை, பால் வண்டி இல்லை. எங்கேயோ சுட்டார்கள், எங்கேயோ வீடு எரிகிறது என்று செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. காலனிக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது சர்க்கரை ஆலையில் அரவை முடிகிற தறுவாய். இன்னும் கொஞ்ச நாளில் அந்த வருஷத்துக்கு ஆலையை நிறுத்திவிடுவார்கள். மாமாவுக்குக் கடைசி வெட்டு உத்தரவு வந்து, ரோட்டோர நிலம் மொத்தத்தையும் வெட்டிப் போட்டிருந்தார். டிராக்டரில் ஏற்றியது பாதி, வயலில் கிடந்தது பாதி. வெட்டின கரும்பு ஒவ்வொரு நாளும் காய்ந்து எடை இறங்கும். சாறு புளித்துப் போகும். அந்த வெயிலில் அவர் கரும்பு சருகாகிக்கொண்டிருந்ததைப் பார்க்க, வேலையே இல்லாமல் தினமும் அந்த வழியாக நடந்து போய்விட்டு வருவேன். ஊரில் இன்னும் சிலர் வெட்டிப் போட்டிருந்தார்கள். அவர்கள் மாட்டு வண்டியில் எங்களிடம் கொண்டுவந்து வரிசையில் போட்டுக் காத்திருந்தார்கள். மாடுகள் நுரை தள்ளத் தள்ளச் சுற்றின. எவ்வளவுதான் சுற்றும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மாமா வந்தார். நடந்து வந்தார், சட்டையெல்லாம் வேர்வை. கொப்பரை அடுப்பில் இருக்கும்போது கொட்டாய்க்கு வந்தவர் யாராக இருந்தாலும் வெறும் வாயோடு அனுப்பக்கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு சொம்பு சாறு கொடுத்தேன். குடித்தார். என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்து எஞ்சினை ஓட்டச் சொன்னார். நாடு இருக்கிற நிலையில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள், ஆபீசர் நமக்கு வேண்டியவர், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஊர்க் கரும்பு மொத்தமும் ஆட்டி முடிக்கலாம், ரோடு திறந்ததும் லைசென்ஸுக்குத் தானே முன்னால் நின்று சம்மதம் வாங்கித் தருவதாகவும் சொன்னார். என் வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. கரும்போடு காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தேன்.

"நீங்க சொன்னா சரிதான் மாமா. ஆனா எங்க கை பட்டா எங்க மேல கேசு வரும். சீல நீங்களே ஒடச்சி வுட்டுடுங்க."

சுற்றிலும் ஊர் நிற்கிறது. மாட்டேன் என்றால் மாமாவுக்கு மதிப்பு போய்விடும். பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்து கரும்பு வெட்டுகிற கத்தியை வாங்கி அரக்கைத் தட்டி உடைத்தார், துணியை அறுத்தார். பிறகு அவருக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது. யாரையோ அனுப்பித் தேங்காய் கொண்டுவரச் சொல்லி, எஞ்சினுக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார். நல்ல காரியம் என்றார்.

எஞ்சின் முதலில் இரண்டு முறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் மறியலில் உட்கார்ந்திருந்த பையன்கள் ஒவ்வொருவராகக் கொட்டாய்க்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஊர் எல்லையில் சாய்ந்து கிடந்த புளியமரத்துக்குக் காவல் இருக்க ஒரு ஆள் இல்லை. காலனியிலிருந்தும் வேலைக்கு வந்தார்கள். மலைக்காரனின் தம்பிகள் பாதை வழியாக இறங்கி வந்தார்கள். அவன் பெண்டாட்டி உருண்டை போட்டுக்கொண்டே பாடினாள். இரண்டு கொப்பரையும் ஒரே நேரத்தில் கொதித்தது. என் பகையைக்கூட நான் கொஞ்சம் மறந்திருந்தேன். லைசென்ஸ் வந்துவிடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன்.

டைரக்டர் கரும்பைத்தான் முதலில் ஆட்டினோம். அதில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் கரும்பின் கடைசிக் கட்டு எங்கள் ஆலைக்குள் போன அன்று, பொழுது சாயும் நேரம், அவர் மறுபடி வந்தார். மற்றவர்களின் கரும்பு வரிசையில் அப்படியே கிடக்கிறது. வந்தவர் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. இன்னும் ஆட்ட வேண்டியது கிடக்கிறதே என்றார்.

"போதும்டா. ரோடு தெறக்கப் போறானுங்கோ. ஆபீசர் வந்தான்னா எனக்கு ஆவாது. லைசென்சு கிய்சென்செல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். நீ துணியச் சுத்து, அரக்கு நான் போடறன்" என்றார்.

அரக்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதே தீப்பெட்டி. அதே மாதிரி கையைக் குவித்துப் பிடித்தார். சொட்டுச் சொட்டாக முடிச்சில் விட்டார். முத்திரைக்கு என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தேன். மோதிர விரலை மடக்கி, அரக்கின் மேல் வைத்து அழுத்தி எடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் சீல் மாதிரியே இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். வேல் அழகாகப் பதிந்திருந்தது.

அவருக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. ஊரில் அவர் விரல் பட்ட இடம்தான் கவர்மெண்டு. எந்தத் தகராறிலும் அவர் கை காட்டினால் முடிந்தது. அரக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் காய்ந்த கரும்பை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் சிரித்தேன். அவர் நான் சமாதானமாகிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்போல, என்னைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அன்றைக்கு வீட்டில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆபீசரிடம் போனால் அண்ணன் மட்டும் மாட்ட மாட்டான், எஞ்சினும் போய்விடும் என்றார். அப்படியே விட்டால் என்றைக்காவது ஒரு நாள் சட்டம் மாறும், எஞ்சினாவது மிஞ்சும் என்றார். சட்டம் மாறும்வரை துணி சுற்றிய பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நான் ஒப்பாரி வைக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மரங்களை அப்புறப்படுத்தி முதல் பஸ் ஓடியதும் அதில் ஏறிக் கள்ளக்குறிச்சி போனேன். ஆபீசரிடம் புகார் என்று எதையும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் எஞ்சினில் நீங்கள் வைத்த சீல் வேறு மாதிரி தெரிகிறது, எங்கள் மேல் பழி வந்துவிடப் போகிறது, ஒரு தரம் வந்து பார்த்துவிடுங்கள் என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு நாளில் வருகிறேன் என்றார்.

வந்தார், போலீஸ்காரரோடு. ஊரும் கூடிவிட்டது. ஆபீசர் குனிந்து அரக்கைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இது எங்கள் முத்திரை இல்லையே, யார் வைத்தது என்று கேட்டார். மாமா கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு இன்னா சார் தெரியும், நான் படிக்காதவ" என்றேன். "வேலு மாதிரி தெரியுது. எங்கியோ பாத்தாப்ல இருக்குது."

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவர் கையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குமேல் ஆபீசருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போலீஸ்காரர் பக்கத்தில் போய் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். விரல் தடித்துப் போயிருந்ததால் அது கழலவில்லை. யாரோ வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்தார்கள். ஊர் நடுவில், எண்ணெய் போட்டு, விரலைத் திருகித் திருகி அந்த மோதிரத்தைக் கழற்றினார்கள். அரக்கின் மேல் வைத்துப் பார்த்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. அவருடைய டைரக்டர் பதவி அந்த மாதமே போனது. வண்டி ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போனது. அதற்குப் பிறகு ஊரில் அவரை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. இதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு ருசிக்கும். அவர் செத்தபோது நான் அழவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சீல் உடைந்த எஞ்சினை இங்கே விட முடியாது, கேஸ் முடியும்வரை ஆபீசில்தான் இருக்கும் என்றார் ஆபீசர். போல்ட்டைக் கழற்றினார்கள். என் வீட்டுக்காரர்தான் ஸ்பேனரைப் பிடித்துக்கொடுத்தார். தூக்குவதற்கு ஆள் பற்றவில்லை. என் கொட்டாயில் வேலை பார்த்த பையன்களையே கூப்பிட்டுத் தூக்க வைத்தார்கள். மாமாவின் டிராக்டரிலேயே ஏற்றினார்கள். அடிக்கட்டையில் நாலு போல்ட்டு மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

இந்தச் சட்டத்தை யார் போட்டது சார் என்று ஆபீசரைக் கேட்டேன். அதற்கும் ஒரு பெயர் கிடைத்தால் அந்த ஆளையும் பகைத்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்டேன். அதெல்லாம் மேலிருந்து வருகிறது அம்மா, போட்டவர்களும் இப்போது அந்த இடத்தில் இருக்க மாட்டார்கள் என்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். மாமாவையும் ஏறச் சொன்னார்கள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜீப்புக்கு நேர் எதிரே போய் நின்றேன். மோதிரம் கழற்றியபோது கூட்டம் மறைத்த அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான்.

அப்போதுதான் பின்னால் அக்கா என்று குரல் கேட்டது. மலைக்காரிதான். சாய்ப்பைப் பிரித்துவிட்டிருந்தார்கள். சட்டி பானை, பாய், கோழி, எல்லாம் மூட்டையாகிவிட்டிருந்தது. அவள் புருஷன் மூட்டையோடு மலைப் பாதையில் முன்னால் நடந்துகொண்டிருந்தான். கடைசிப் பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. பெரிய பெண்ணும் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஆஸ்டல் டிரங்குப் பெட்டியோடு.

"ஒன் பக தீந்துச்சிக்கா. நாங்க யார்மேல பக வெக்கறது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

அந்தப் பெண்ணைத் திரும்ப ஆஸ்டலுக்கு அனுப்பு, நான் ஏதாவது செய்கிறேன் என்றேன். என்ன செய்வாய் என்று அவள் கேட்கவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிவிட்டுக்கொண்டு பாதையில் இறங்கினாள். அடுத்த வருஷம் கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அவர்கள் ஓடையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணுக்குப் பெட்டி கனமாக இருந்தது, இரண்டு இடத்தில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டாள். பின்னால் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் திரும்புவதற்குள் அது ரோட்டில் ஏறி வளைவில் திரும்பிவிட்டது. ஜீப்பில் போகும்போது அவர் அழுதார் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.